பதினொரு சோடிச் சப்பாத்தும் ஒரு மலைச்சிங்கமும்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஏற்கனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன். 1986இல், பிரெஞ்சில், நான்கு பக்கம். அதற்கு ஒரே ஒரு வாசகர்தான். அகதி விண்ணப்பங்களைப் பார்க்கும் அலுவலகத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவர். அவர் படித்தார், நம்பவில்லை, தள்ளுபடி செய்தார். என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது. அது நியாயமான விமர்சனம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆயிற்று.

என் பெயர் மார்செல் சுப்ராயன். புதுச்சேரிக்காரன், பிரெஞ்சுப் பிரஜை, நகராட்சி அலுவலகம் ஒன்றில் எழுத்தர். சனிக்கிழமைகளில் பாரிஸின் லாச்சப்பல் பகுதியில், சாரதாதேவியின் சாப்பாட்டுக் கடையில், கழிவறைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து 'கேஸ்' எழுதுவேன். இலங்கையிலிருந்து ஓடிவந்த தமிழர்கள் தாங்கள் ஏன் ஓடிவந்தோம் என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் கேஸ் என்று பெயர். நான் காசு வாங்கியதில்லை. "மார்செல் ஐயா எழுதினா கேஸ் சரி" என்று அவர்கள் பேசிக்கொள்வது என் காதில் விழும். அதற்காகவே எழுதினேன். அற்பன்தான், என்ன செய்வது.

இப்போது 1989. இதைத் தமிழில், உள்ளது உள்ளபடி எழுதச் சொன்னவர் மரியரட்ணம். யார் வாசிப்பதற்காக என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2

தொடக்கங்கள். மூன்று முயன்றேன்.

அ) "1987 சனவரியில், பாரிஸ் நகரம் பனியில் உறைந்து கிடந்தபோது, ஒரு மலைச்சிங்கம் லாச்சப்பலின் ரயில் பாதைகளை நோக்கி மெல்ல"

[நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் நீங்கள் மிருகத்துக்காகக் காத்திருப்பீர்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது ஒரு மனிதனுக்காக. அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்பதுதான் இந்தக் கதையின் கேள்வி. அதை மறக்காமல் மேலே வாருங்கள்.]

ஆ) "மரியரட்ணத்தின் கண்களில் காட்டின் ஆழம் இருந்த"

[இதைப் படித்துவிட்டு என் மனைவி ஆலீஸ் கேட்டாள்: "கண்ணுல காட்டோட ஆழமா? அந்த ஆளு ரொட்டி போடறவருங்க. கண்ணுல மைதா மாவுதான் இருக்கும்." அந்த வரியை அடித்துவிட்டேன்.]

இ) மரியரட்ணம் மன்னார்ப் பக்கத்துக்காரர். நாற்பது வயது. சாரதாதேவியின் கடையில் மாவு பிசைந்து ரொட்டி போட்டார், பாத்திரமும் கழுவினார். புறநகரான சார்செலில் ஆறு பேரோடு ஓர் அறையில் படுத்தார். அதிகம் பேசமாட்டார். நடக்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

இந்த மூன்றாவதையே வைத்துக்கொள்ளலாம்.

3

அவருக்குக் கேஸ் எழுதிய அந்தச் சனிக்கிழமையை நினைவிலிருந்து எடுத்து வைக்கிறேன். இதில் என்னை நல்லவனாகக் காட்ட ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

"என்ன வேல பாத்தீங்க ஊர்ல?"

"காட்டிலாகாவிலை ஐயா. தடம் பாக்கிற வேலை."

"தடம்னா?"

"சிறுத்தை, யானை, கரடி. எது போனது, எப்ப போனது, எந்தப் பக்கம் போகுது எண்டு பாத்து, வாற ஆக்களுக்குக் காட்டிவிடுறது. பதினாறு வருசம் செய்தனான்."

"சரி. ஏன் கிளம்பி வந்தீங்க?"

"மடுத்தீனைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அவனும் என்னோடை ஒண்டா வேலை. என்ரை தங்கச்சியின்ரை புருசன்."

"யாரு கொண்டுபோனாங்க?"

"தெரியாது."

"எத்தன மணிக்கு?"

"தெரியாது."

"நீங்க நேர்ல பாத்தீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"இல்லை ஐயா. நான் அண்டைக்குக் காட்டுக்குள்ளை. விடிய வந்து தடம் பாத்தனான்."

நான் பேனாவை மூடிவைத்தேன். என் கேஸ்களில் 'தெரியாது' என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. 'பார்க்கவில்லை' என்பதற்கும் கிடையாது. திகதி வேண்டும், மணி வேண்டும், கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். மண்ணைப் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால் பாரிஸில் எவன் நம்புவான்? ஆகவே மரியரட்ணத்தை யாழ்ப்பாணத்தில் ஒரு துணிக்கடை ஊழியராக ஆக்கினேன். பிற்பகல் இரண்டு நாற்பதுக்குப் படை வந்தது. அவர் எல்லாவற்றையும் கண்ணால் கண்டார். பின்மதிலைத் தாண்டி ஓடினார். எழுதி முடித்து வாசித்தும் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, எனக்குத் துணி அளக்கத் தெரியாது" என்றார்.

"அதெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க" என்றேன்.

4

தள்ளுபடிக் கடிதத்தில் ஒரு வரி: விண்ணப்பதாரரின் விவரணை ஏற்கனவே பெறப்பட்ட பிற விவரணைகளோடு வரிக்கு வரி ஒத்துப்போகிறது.

ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? அந்தப் பின்மதிலை நான் அதுவரை இருபத்திரண்டு பேருக்குக் கொடுத்திருந்தேன்.

மேன்முறையீட்டு விசாரணை 1987 மார்ச்சில். அதிலும் தோற்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். எங்கே போவது? மடுத்தீனைக் கொண்டுபோனவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான். கடிதத்தை நான் படித்துச் சொன்னபோது மரியரட்ணம் என்னைத் திட்டவில்லை. வழக்கம்போல ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். அந்த ரொட்டியை நான் தொடவில்லை. திட்டியிருந்தால் தின்றிருப்பேன்.

5

இப்போது மிருகம் வரலாம்.

1987 சனவரியில் பாரிஸில் நல்ல பனி. நகரத்தைச் சுற்றி ஓடி, இப்போது கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய வளைய ரயில் பாதையில், ஒரு பெரிய பூனைச்சாதி மிருகம் நடமாடுவதாகப் பேச்சு. ஒபர்வில்லியே புறநகரில் யாரோ பண்டகசாலைக்குள் திருட்டுத்தனமாக வளர்த்த மலைச்சிங்கம், கூண்டுக் கதவு சரியாக மூடாததால் வெளியே வந்துவிட்டதாம். தெருவெல்லாம் சுவரொட்டி. காவல்துறைக்கு நாளுக்கு ஐம்பது தொலைபேசி அழைப்பு. கொழுத்த பூனைகள் எல்லாம் மலைச்சிங்கமாயின. சாரதாதேவி குப்பை கொட்டப் போகும்போது கையில் அகப்பையோடு போனாள்.

[அடிக்குறிப்பு: மலைச்சிங்கத்தைப் பூமா என்றும் சொல்வார்கள். அமெரிக்காவின் மலைகளில் இருப்பது. புள்ளி கிடையாது, பிடரிமயிரும் கிடையாது. மரியரட்ணம் அதைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.]

ஒரு சனிக்கிழமை மதியம் நெட்டையான ஒருவர் உள்ளே வந்து, மேசையில் சுண்ணச்சாந்து காய்ந்த ஒரு வெள்ளை மாக்கட்டியை வைத்துவிட்டு, கோப்பி கேட்டார். பெயர் ழான்-லூக், மிருக வைத்தியர். மலைச்சிங்கத்தை உயிரோடு பிடிக்கும் பொறுப்பு அவருடையது. நான்கு நாளில் பிடிக்காவிட்டால் துப்பாக்கிக்காரர்களை அனுப்பிவிடுவார்கள் என்று என்னிடம் புலம்பினார். மாக்கட்டியில் இருந்தது தண்டவாளத்து ஓரப் பனிச்சேற்றில் எடுத்த தடத்தின் வார்ப்பு.

மரியரட்ணம் கோப்பியை வைத்தார். மாக்கட்டியைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த இருபது பிரெஞ்சுச் சொற்களில் ஒன்றை எடுத்து, "ஷியேன்" என்றார்.

நாய்.

ழான்-லூக்கின் முகம் சுருங்கியது. "பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்" என்றார் என்னைப் பார்த்து. நான் அதை மொழிபெயர்த்தேன்.

"நான் குறை சொல்லேல்லை" என்றார் மரியரட்ணம். "நல்ல பெரிய நாய்தான், ஆர் பாத்தாலும் மயங்குவினம். ஒரு நிமிசம் நில்லுங்கோ."

அடுப்படிக்குள் போய், பிசைந்த மாவில் ஒரு பெரிய உருண்டையை எடுத்துவந்து மேசையில் தட்டினார். கையை முறுக்கி முட்டியால் ஒரு அழுத்து, விரல் நுனிகளால் நாலு அழுத்து. ஒரு தடம் வந்துவிட்டது. பக்கத்தில் இன்னொன்று.

"இது நாய். விரல் ஒவ்வொண்டுக்கும் முன்னாலை நகம் குத்தியிருக்கு பாருங்கோ. நடுவிலை நிக்கிற ரெண்டு விரலும் சரிசமம். இது பூனைச்சாதி. நடக்கேக்கை நகத்தை உள்ளுக்கை இழுத்து வைச்சிருக்கும், அதாலை நகம் பதியாது. ஒரு விரல் மற்றதுகளை விட முந்தி நிக்கும், எங்கடை கையிலை நடுவிரல் நிக்கிற மாதிரி. பின் மெத்தையை, உள்ளங்காலைப் பாருங்கோ, அடியிலை மூண்டு மடிப்பு இருக்கோணும். உங்கடை கட்டியிலை அது இல்லை."

நான் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். ழான்-லூக் மாவையும் மாக்கட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த நாய்க்கு வலது பக்கத்து நகம் ஒண்டு உடைஞ்சிருக்கு" என்று கடைசியாகச் சொன்னார் மரியரட்ணம், ஏதோ ஆறுதல் சொல்வதுபோல.

கோப்பி ஆறிப்போயிற்று. ழான்-லூக் என்னிடம் கேட்டார்: "இவர் யார்?"

ஒரு கணம் பழக்கதோஷத்தில் 'துணிக்கடை ஊழியர்' என்று சொல்ல வாய் வந்தது.

6

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். மரியரட்ணத்தை அளவுக்கு மீறிக் கெட்டிக்காரராக எழுதிக்கொண்டு போகிறேனோ? போன தடவை அவரை ஒன்றுமில்லாதவராக எழுதியதற்குப் பிராயச்சித்தமாக? ஆலீஸிடம் கேட்டேன். "அவரு தப்பு பண்ணதையும் எழுதுங்க, சரியாப் போயிடும்" என்றாள். எழுதுகிறேன்.]

மறுநாள் ஞாயிறு காலை மூன்று பேரும் வேலி ஓட்டை வழியாகப் பழைய ரயில் பாதையில் இறங்கினோம். பனி கணுக்கால் வரை. மரியரட்ணம் எனக்கு முன்னால் குனிந்து குனிந்து போனார். ஓரிடத்தில் நின்று கையைக் காட்டினார். கோப்பைத் தட்டு அளவுக்கு ஒரு தடம். நகம் இல்லை.

"இதுதான்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. ழான்-லூக் பையைத் திறந்தார்.

பிறகு மரியரட்ணம் இரண்டடி தள்ளிப் போனார், திரும்பி வந்தார், உட்கார்ந்தார், தடத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இல்லை. பூனை. வீட்டுப் பூனை. வெயில் பட்டு உருகி ஓரம் விரிஞ்சு போச்சு. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்." பதினாறு வருடம் புழுதியும் மணலும் பார்த்த மனிதர். உருகும் மண்ணை அவர் பார்த்ததில்லை. "இதிலை பாக்கேலாது ஐயா. இது நேரத்துக்கு நேரம் மாறிக்கொண்டு நிக்குது. பனி விழாத இடம் எங்கையும் இருக்கோ?"

அதை அவர் கேட்டதும் ழான்-லூக்கே தலையில் அடித்துக்கொண்டார். அத்தனை நாளும் எல்லோரும் பனியில்தான் தேடியிருந்தார்கள், பனியில் தடம் பளிச்சென்று தெரியுமே என்று.

தெருவுக்கு அடியில் பாதை போகும் பாலம் ஒன்று இருந்தது. அதன் கீழே பனி இல்லை, மழையும் புகாது. பழைய கரி ரயில்களின் சாம்பல் தூள் விரற்கடை ஆழத்துக்குக் கிடந்தது. மரியரட்ணம் எங்களை வெளியே நிறுத்தினார். சப்பாத்தைக் கழற்றினார். அந்தக் குளிரில் வெறும் காலுறையோடு, சுவரை ஒட்டி, ஒவ்வொரு அடியாக உள்ளே போனார். நான் அவரை இரண்டு வருடமாக அறிவேன். முதுகு நிமிர்ந்து அவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"வாங்கோ. என்ரை கால் பட்ட இடத்திலை மட்டும் மிதியுங்கோ."

சாம்பலில் வரிசையாகப் பதினான்கு தடங்கள். நகமில்லை. ஒரு விரல் முந்தி நின்றது. மெத்தையின் அடியில் மூன்று மடிப்பு, அச்சில் வார்த்ததுபோல. மாவில் அவர் காட்டியது அப்படியே தரையில் கிடந்தது. ழான்-லூக் வாயில் கை வைத்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும். இந்த மனிதர் சொன்னது அத்தனையும் உண்மை, அதை நான் குப்பையில் போட்டிருந்தேன்.

7

இந்தக் கதையில் நான் மாற்றி எழுத ஆசைப்பட்ட இடம் இது. மாற்றவில்லை.

பாலத்தின் மறுமுனையில் இரண்டு நீளக் கீறல், அதன் பின்னால் ஒதுங்கிய சாம்பல். பின்னங்காலால் பிறாண்டி, தன் எல்லை என்று சொல்லிவைத்த அடையாளம் என்றார் மரியரட்ணம். சிறுத்தையும் இப்படிச் செய்யுமாம். அதற்கு அப்பால், சுவரோரம், சருகும் சரளைக்கல்லும் குவிந்து ஒரு மேடு. மேட்டிலிருந்து ஒரு நாயின் பின்னங்கால் நீட்டிக்கொண்டிருந்தது.

மரியரட்ணம் குனிந்து சருகை விலக்கினார். பாதத்தைப் பார்த்தார். வலது பக்கத்து நகம் உடைந்திருந்தது.

"உங்கடை மாக்கட்டி நாய்" என்றார் ழான்-லூக்கிடம். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் அந்தக் குவியலையே பார்த்தார்.

"ஐயா, இதைக் கேளுங்கோ அவரிட்டை. எங்கடை சிறுத்தை அடிச்சதை இழுத்துக்கொண்டு போய்ப் பத்தை செடிக்குள்ளை வைக்கும். இப்பிடி மண் அள்ளி மூடி நான் கண்டதில்லை. இது ஏன் மூடியிருக்கு எண்டு எனக்குத் தெரியாது. இது எங்கடை சாதி இல்லை. வேறை ஏதோ."

தெரியாது. மறுபடியும் அதே சொல். என் கேஸ் எழுதும் புத்தி உடனே விழித்துக்கொண்டது. இவ்வளவு தூரம் வந்து, நிபுணர் என்று பெயர் வாங்கி, கடைசியில் தெரியாது என்பதா? அதை விழுங்கிவிட்டு வேறு ஏதாவது மொழிபெயர்க்கலாமா என்று யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். பிறகு சாம்பலில் கிடந்த அவருடைய சப்பாத்தில்லாக் காலடிகளைப் பார்த்தேன். உள்ளபடியே சொன்னேன்.

ழான்-லூக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மலைச்சிங்கம் மூடும்" என்றார். "மீதியைத் தின்ன வருவதற்காக மூடிவைக்கும். பூமாவைப் பார்த்தே இராத ஒருவர், இது தனக்குத் தெரிந்த மிருகம் இல்லை என்று ஒரு குவியலைப் பார்த்துச் சொல்கிறார். நடிக்கிறவனாக இருந்தால் எல்லாம் தெரியும் என்றல்லவா சொல்லியிருப்பான்?"

மீதியைத் தின்ன அது வந்தது. மறுநாள் மாலை, குவியலுக்கு எதிரே கிடந்த பழைய சரக்கு ரயில் பெட்டிக்குள் மயக்க ஊசியோடு ழான்-லூக் காத்திருந்தார். காற்று எந்தப் பக்கம் வருகிறது, எந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு மரியரட்ணம் இரவுச் சாப்பாட்டுக்கு மாவு பிசையக் கடைக்குத் திரும்பிவிட்டார். கிழட்டுப் பெண் மலைச்சிங்கம், உயிரோடு பிடிபட்டது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. செய்தித்தாளில் ழான்-லூக்கின் படம் வந்தது. படத்தின் ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கை. அது என்னுடையது.

8

மார்ச். விசாரணை அறை. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், நரைமீசைக்காரர். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நானும் ஆலீஸும் ழான்-லூக்கும் கடைசி வரிசையில். சாரதாதேவி கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். அவள் கடையைப் பூட்டியது அதற்கு முன் பொங்கலுக்குத்தான்.

மேன்முறையீட்டில் நான் உண்மைக் கதையை எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் முதல் கதை எப்படி வந்தது என்று ஒரு வரியும் எழுதவில்லை. நகராட்சி ஊழியன் பொய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தான் என்று வெளியே வந்தால் வேலை போய்விடும். பயந்தேன்.

தலைவர் கேட்டார்: "முதல் வாக்குமூலத்தில் நீங்கள் யாழ்ப்பாணத்தில் துணிக்கடை ஊழியர். இப்போது மன்னாரில் காட்டு வழிகாட்டி. எது உண்மை?"

[இதற்கு நான் வீட்டில் எழுதி வைத்திருந்த வீரமான முடிவு: 'அப்போது கடைசி வரிசையிலிருந்து மார்செல் சுப்ராயன் எழுந்து, தன் குற்றத்தை உரத்த குரலில்' ஆலீஸ் இதைப் படித்தாள். பக்கத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். நடந்தது கீழே.]

"காடுதான் ஐயா" என்றார் மரியரட்ணம். "துணிக்கடையை எழுதினவர் உங்கை பின்னாலை இருக்கிறார். நல்ல மனிசன். காடு பாக்கேல்லை, அவ்வளவுதான்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொன்னார். மூன்று தலைகளும் நிமிர்ந்தன. நான் எழுந்து நின்றேன். வேறு வழியில்லாமல் எழுந்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

"நான்தான் எழுதினேன்" என்றேன். "இவர் உண்மையைத்தான் சொன்னார். எனக்கு அது போதாது என்று பட்டது."

சொன்னதும் உடம்பு லேசாகிவிட்டது. வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. [போகவில்லை. ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆலீஸ் அதைக் கோப்பில் பத்திரப்படுத்தியிருக்கிறாள்.] தலைவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, மேன்முறையீட்டோடு ழான்-லூக் எழுதித் தந்திருந்த கடிதத்தைக் கையில் எடுத்தார். இரண்டு பக்கம். மாவு, பாலம், சாம்பல், குவியல், 'தெரியாது' எல்லாம் அதில் இருந்தன. முழுவதையும் படித்தார். பிறகு மரியரட்ணத்தைப் பார்த்தார்.

"உங்கள் தங்கையின் கணவரைக் கொண்டுபோனவர்கள் யார்?"

"தெரியாது."

"எத்தனை மணிக்கு?"

"மணி தெரியாது. விடியப்புறப் பனி தடத்துக்கு மேலை விழுந்திருந்தது. அப்ப அதுக்கு முன்னம்."

"எத்தனை பேர்?"

"பதினொரு சோடிச் சப்பாத்து."

"எப்படித் தெரியும்?"

மரியரட்ணம் நாற்காலியிலிருந்து எழுந்தார். தரையைப் பார்த்தார். அந்த அறையின் மெழுகுத் தரையில் எதுவும் இல்லை. ஆனால் அவர் கை ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டியபோது, மேசைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒவ்வொரு சப்பாத்தும் ஒவ்வொரு மாதிரித் தேஞ்சிருக்கும். ஒருத்தனுக்கு இடது குதி வெளிப்பக்கம் தேய்வு. ஒருத்தன் பெருவிரலை உள்ளுக்கை வைச்சு நடக்கிறவன். ஒருத்தன் வெளியாலை நிண்டு சிகரெட் பத்தினவன், மற்றவை உள்ளுக்கை. வீட்டு வாசலிலை இருந்து மடுத்தீன்ரை வெறுங்கால். நடக்கேல்லை. ரெண்டு பெருவிரலும் மண்ணைக் கீறிக்கொண்டு போகுது, ரெண்டு பக்கமும் ரெண்டு சப்பாத்து ஆழமா. தூக்கி இழுத்திருக்கிறாங்கள். முப்பது கவடு, நான் நடந்து எண்ணினது. பிறகு வாகனம் நிண்ட இடம். ரெண்டு நாள் கழிச்சு, அதே தேஞ்ச குதி என்ரை வாசலிலை வந்து நிண்டிட்டுப் போயிருக்கு. அண்டைக்கும் நான் காட்டுக்குள்ளை. பாத்திட்டுத் திரும்பி வீட்டுக்குள்ளை போகேல்லை ஐயா. அப்பிடியே வந்தனான்."

ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண் எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

"வாகனம் நின்ற இடத்தில் என்ன பார்த்தீர்கள்?" தலைவரின் குரல் தணிந்திருந்தது.

"மடுத்தீன்ரை காலடி ரெண்டு. முழுசா. குதி ஆழமாப் பதிஞ்சிருக்கு. அவ்வளவு தூரம் இழுபட்டு வந்தவன் அந்த இடத்திலை எழும்பித் தன்ரை காலிலை நிண்டிருக்கிறான்."

"அதன் பிறகு?"

"அதன் பிறகு தார் ரோட்டு. தாரிலை ஒண்டும் தெரியாது."

9

ஏப்ரலில் கடிதம் வந்தது. கடைக்குள் முப்பது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நான் நாற்காலியில் ஏறி நின்று வாசித்தேன். விண்ணப்பதாரரின் சொற்கள் துல்லியமானவை. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவர் கூறியதே அவர் சொன்ன மற்றவற்றை நம்பவைக்கிறது. அவர் அகதியாக ஏற்கப்படுகிறார்.

கடைசி வரியை நான் முடிக்கவில்லை. சத்தத்தில் மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் போனதுகூடக் கேட்கவில்லை. சாரதாதேவி அகப்பையால் தாச்சியில் அடித்தாள். தெருவில் போன ஒரு அல்ஜீரியக்காரர் கல்யாணமா என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்து, தானும் கைதட்டினார். மரியரட்ணத்தை யாரோ தோளில் தூக்கினார்கள், கூரை விளக்கில் தலை இடித்துக்கொண்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று இல்லை. அது ஏன் இல்லை என்று இரண்டு வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அன்று அவர் போட்ட ரொட்டி எல்லாவற்றிலும் மலைச்சிங்கத்தின் தடம் இருந்தது. முட்டியால் ஒரு அழுத்து, விரலால் நாலு. நான் ஆறு தின்றேன். ஒன்றைச் சாரதாதேவி கல்லாப்பெட்டிக்கு மேலே ஆணி அடித்து மாட்டினாள். கல்லாய்க் காய்ந்து இன்றைக்கும் தொங்குகிறது. வந்து பார்க்கலாம்.

அதன் பிறகு நான் கேஸ் எழுதுவதை விடவில்லை. பின்மதிலைத்தான் விட்டேன். இப்போது முதல் கேள்வியாக, "உங்களுக்கு என்னவெல்லாம் தெரியாது, அதச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்கிறேன். சிலர் பயந்து வேறு எழுத்தரிடம் போய்விடுகிறார்கள். போகட்டும்.

10

இங்கே கதையை முடித்திருக்கலாம். நல்ல முடிவு, ரொட்டியும் கைதட்டலும். ஆனால் யார் வாசிக்க என்று கடைசியில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன்.

போன மாதம் மரியரட்ணம் என் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தார். அவருடைய தங்கை சிசிலியா மன்னாரிலிருந்து எழுதியது. மூத்தவளுக்குப் பதினொரு வயது, இளையவனுக்கு ஒன்பது. தகப்பனுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களாம்.

"நீங்கள் எழுதுங்கோ ஐயா. தமிழிலை. நடந்ததை நடந்தபடி. பிள்ளையள் வாசிக்கோணும்."

எழுதினேன். இதுவரை நீங்கள் வாசித்ததுதான் அது. முடிவுக்கு வந்தபோது என் பழைய கை அரிக்கத் தொடங்கியது.

முடிவு அ: "ஒருநாள் மடுத்தீன் வேலியைத் திறந்துகொண்டு"

முடிவு ஆ: "அந்த வாகனம் போன பாதையில், மூன்று மைல் தள்ளி, ஒரு"

முடிவு இ: "சிறையில் இருந்த ஒருவர் வெளியே வந்து, மடுத்தீன் என்ற பெயரை"

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றும் இருபத்துமூன்றாவது பின்மதில். என்ன செய்வது என்று மரியரட்ணத்திடம் கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச இடத்திலை நிப்பாட்டுங்கோ" என்றார். "மிச்சத்தை அதுகள் பாக்கட்டும். மடுத்தீன்ரை பிள்ளையள், பாக்கத் தெரியாமல் போகாது."

ஆகவே, பிள்ளைகளே, இனி உங்களிடம்தான் பேசுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. உங்கள் மாமாவுக்கும் தெரியாது. இந்தச் சொல்லை எழுத எனக்கு இப்போது வெட்கமில்லை. இதைச் சொன்னதால்தான் உங்கள் மாமா இங்கே பாதுகாப்பாக இருக்கிறார், இதைச் சொன்னதால்தான் பதினொரு சோடிச் சப்பாத்துகளும் ஒரு அரசாங்கக் கோப்பில் எண்ணிக்கையோடு பதிவாகியிருக்கின்றன. யாரும் இனி அதை அடித்து அழிக்க முடியாது.

எங்களுக்குத் தெரிந்த கடைசி இடம் இது. முப்பது கவடு அவரை இழுத்து வந்தார்கள். ரோட்டோரத்தில் புழுதி முடிகிறது. அந்தப் புழுதியில் இரண்டு வெறுங்கால்கள், பக்கம் பக்கமாக, விரல்கள் முன்னோக்கி. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கிட்டப் போய், நீங்களே பாருங்கள். குதி ஆழமாகப் பதிந்திருக்கிறது.